சந்திரமதி மினுக்கிய வெளிச்சவீடு

என் மனுசி சந்திரமதியிடம் ஒரு பிழையைக் கண்டுபிடிப்பது சுலபம். அது பிழைதான் என்று அவளை ஒத்துக்கொள்ள வைப்பதற்குத்தான் ஒரு ஆயுள் போதாது. இருபத்தெட்டு வருடமாக நான் முயற்சி செய்து வருகிறேன். இந்த வருடம் சுவிஸ் அரசாங்கமும் கொஞ்சம் முயன்று பார்த்தது. முடிவை இப்போதே சொன்னால் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள், ஆகவே முதலில் ஆளைச் சொல்கிறேன்.

வயது ஐம்பத்துமூன்று. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. சப்பாத்து முப்பத்திரண்டாம் நம்பர். அந்த அளவில் பெரிய ஆட்களுக்குச் சப்பாத்து கிடைக்காது, சிறுபிள்ளைகள் பகுதியில்தான் வாங்குவாள். ஆகவே குதிப் பக்கத்தில் எப்போதும் ஒரு நட்சத்திரமோ பூனைக்குட்டியோ இருக்கும். போன மாரிக்கு வாங்கிய சப்பாத்தில் முயல் இருந்தது. இந்த முயலை மறந்துவிடாதீர்கள்.

நாங்கள் இருப்பது லெமான் ஏரிக்கரையில், லோசானிலிருந்து ரயிலில் பதினேழு நிமிடத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். பெயரை எழுதினால் மனுசி எனக்குச் சோறு போடமாட்டாள். நான் லோசானில் ஓர் ஆசுப்பத்திரிச் சமையலறையில் வேலை. அவள் கொம்யூனில், அதாவது ஊராட்சியில், துப்புரவு வேலை. துறைமுகத்துக் கழிவறைகள், படகோட்டிகள் உடுப்பு மாற்றும் அறை, எல்லாம் அவளுடைய கையில். அலைதடுப்புச் சுவரின் நுனியில் நிற்கும் வெளிச்சவீடும் அப்படித்தான் அவளுடைய கைக்கு வந்தது.

ஏரிக்கு எதற்கு வெளிச்சவீடு என்று வந்த புதிதில் நானும் நக்கலாகக் கேட்டேன். பிறகு ஒரு மார்கழியில் 'பீஸ்' என்று இவர்கள் சொல்லும் வடகிழக்குக் காற்று அடித்தபோது, அலை சுவருக்கு மேலால் பாய்ந்து, கரையில் நின்ற சைக்கிள்களை எல்லாம் பனிக்கட்டியாக்கிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அந்தக் காலத்தில் கல் ஏற்றிய பாய்மரப் படகுகளும் நீராவிக் கப்பல்களும் இதைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தனவாம். இப்போது உள்ளே எரிவது சாதாரண மின்விளக்கு. ஆனால் அதைச் சுற்றியிருக்கிற தடித்த கண்ணாடியும் அதைத் தாங்குகிற பித்தளைத் தண்டும் பழைய காலத்தவை.

போன வருடக் கடைசியில் அதைப் பார்த்துவந்த மனிதர் ஓய்வுக்குப் போனார். கொம்யூன் கதவுப் பூட்டின் திறப்பைச் சந்திரமதியிடம் கொடுத்து ஒரு தாளும் கொடுத்தது. வெள்ளி தோறும் கண்ணாடி துடைக்க வேண்டும், தரை கூட்ட வேண்டும். அவ்வளவுதான் அதில் இருந்தது. பித்தளையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

முதல் நாள் ஏறிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, அந்த விளக்கைப் பாத்தால் வயிறு பத்துது. தண்டு முழுக்கக் களிம்பு. பச்சையும் கறுப்புமா. ஆரும் கை வைச்சு நூறு வருசம் இருக்கும்."

"உமக்கு அதிலை என்ன? கண்ணாடியைத் துடைச்சிட்டு வாரும்."

"வெள்ளிக்கிழமையிலை போய் ஊத்தை விளக்கைப் பாத்திட்டு வரச் சொல்லுறியளோ?"

இங்கேதான் பிழை தொடங்கியது. இப்படியொரு பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் விடமாட்டார்கள். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை அவள் பழப்புளியும் உப்பும் போட்டுத்தான் மினுக்குவாள். மாசி மாதத்திலிருந்து, ஒரு ஜாம் போத்தலில் புளியைக் கரைத்து எடுத்துக்கொண்டு வெளிச்சவீட்டுக்கும் போகத் தொடங்கினாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு, காலில் கம்பளி மேசோடு மேலே ஏறி, கண்ணாடியைத் துடைத்து, தரையைக் கூட்டி, பிறகு சாப்பாட்டு நேரத்தில் தண்டைத் தேய்த்தாள். அப்படி எட்டு வெள்ளிக்கிழமை.

எட்டாவது வெள்ளி முடிந்து வந்தவள் ஒரு புதினமான செய்தியும் கொண்டுவந்தாள். களிம்பு போன இடத்தில் எழுத்து வெளிப்பட்டிருக்கிறதாம். ஊரின் பெயர், வெளிச்சவீடு என்ற சொல், 1871 என்ற ஆண்டு.

"இன்னும் உள்ளங்கை அகலம் பாக்கி இருக்கு. அடுத்த கிழமை முடிச்சிடுவன்" என்றாள்.

அடுத்த கிழமை முடிக்கவில்லை. ஏனென்றால் வீட்டிலிருந்த கடைசிப் புளியை எடுத்து வியாழக்கிழமை நான் மீன்குழம்பு வைத்துவிட்டேன். அதற்கு வாங்கிக் கட்டியதை இங்கே எழுதவில்லை. தமிழ்க் கடைக்குப் போகிறேன், போகிறேன் என்று நான் பஞ்சிப்பட்டுக்கொண்டிருந்த கிழமைகளில்தான் மதாம் பெரே வந்தார்.

மதாம் பெரே கன்ரோனிலிருந்து, அதாவது மாகாண அரசிலிருந்து, பழைய கட்டடங்களைப் பார்க்க வருகிறவர். ஆனியில் வெளிச்சவீட்டுக்கு நூற்றைம்பதாவது ஆண்டு விழா. ஊர் முழுக்கப் பெரிய எழுத்தில் 150 என்று போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. விழாவுக்கு முதல் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் மேலே ஏறி, தங்கம் மாதிரி மினுங்குகிற தண்டைக் கண்டு, படியிலேயே உட்கார்ந்து, கிட்டப் போய்ப் பார்க்க மனம் வராமல் இறங்கிவிட்டாராம்.

அந்தப் பச்சையை நாங்கள் களிம்பு என்கிறோம். அவர்கள் அதற்கு 'பத்தின்' என்று அழகான பெயர் வைத்து, சட்டம் போட்டுப் பாதுகாக்கிறார்கள். நூற்றுச் சொச்ச வருடம் ஏரிக்காற்று பட்டுப் பட்டு வந்த நிறமாம், திரும்பிக் கொண்டுவர முடியாதாம். சந்திரமதி அதைத்தான் எட்டுக் கிழமையில் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து எடுத்திருந்தாள்.

கொம்யூனிலிருந்து கடிதம் வந்தது. துறைமுகத்தில் திறப்பு வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே கடிதம். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குச் சேதம் செய்தவர் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப்படும் என்று இருந்தது. துடைக்கவும் கூட்டவும் மட்டும் போகிற சந்திரமதியை ஒருவரும் நினைக்கவில்லை; ஊரார் சந்தேகப்பட்டது பாய்ப்படகுக் கழகத்துக் கிழவர்களைத்தான். அவர்களிடமும் ஒரு திறப்பு இருந்தது. வைன் குடித்தால் எதையாவது மினுக்கக்கூடிய ஆட்கள் என்று ஊரில் பெயரும் இருந்தது.

வேறு நேரமென்றால் சிரித்துவிட்டுப் போய்ச் சொல்லியிருப்பாள். ஆனால் அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் அவளுடைய குடியுரிமை நேர்முகம் இருந்தது. வருகிற வியாழக்கிழமை, பின்னேரம் நான்கு மணிக்கு, அதே கொம்யூனில், ஊர்த் தலைவர் முசியே ரோஷாவின் முன்னால்.

அந்தப் பாஸ்போர்ட் அவளுக்கு ஏன் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் யாதவி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சுவிஸ்காரி ஆகிவிட்டாள். மூன்று வருடத்துக்கு முதல் சந்திரமதியின் தங்கச்சி மகளின் கல்யாணத்துக்குத் தாயும் மகளும் ரொறொன்ரோ போனார்கள். திரும்பி வரும்போது ஜெனீவாவில் யாதவி ஒரு வரிசையில் போய் ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். தாய் மற்ற வரிசையில் நின்றாள். பெட்டிகளோடு நின்ற மகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றாளாம். வீட்டுக்கு வந்து, "நான் பெத்த பிள்ளை வீட்டுக்கு வந்திட்டுது, நான் விசிற்றர் மாதிரி நிண்டன்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாளே விண்ணப்பப் படிவம் எடுத்தாள். நான் எடுக்கவில்லை. என் பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு, கேட்டால் விளங்கும், பேச வராது. சூடு, கவனம், கெதியாக என்ற மூன்று சொல்லோடு முப்பது வருடத்தை ஓட்டிவிட்டேன்.

ஆகவே நான் திட்டம் போட்டேன்.

"வியாழன் நேர்முகம். கடிதத்துக்குக் கெடு அடுத்த திங்கள். நேர்முகத்தை முதல் முடிச்சுவிடும். பிறகு திங்கள் காலமை போய்ச் சொல்லுவம். அதுவரைக்கும் வெளிச்சவீட்டைப் பற்றி வாய் திறக்கப்படாது."

"அந்தக் கிழவங்களை எல்லாரும் பேசுறாங்கள்."

"நாலு நாள் பேச்சுக் கேட்டால் தேய்ஞ்சா போயிடுவினம்?"

யாதவிக்கும் என் திட்டம் சரியாகப் பட்டது. தாயும் மகளும் கேள்விப் புத்தகத்தை வைத்துக்கொண்டு குசினி மேசையில் பாடம் நடத்தினார்கள். எத்தனை கன்ரோன், எந்த மலை, எந்தச் சண்டை. எல்லாம் தண்ணீர் பட்டபாடு. ஊரைப் பற்றிய பக்கத்தில்தான் இடறியது.

"அம்மா, வெளிச்சவீடு எந்த ஆண்டு கட்டினது?"

"எழுபத்தொண்டு."

"புத்தகத்திலை எழுபத்தாறு எண்டு இருக்கு. அதைச் சொல்லுங்கோ, காணும்."

"பித்தளையிலை எழுபத்தொண்டு எண்டு இருக்கு. நான் வாசிச்சனான்."

"அது உங்களுக்குத்தானே தெரியும். அவையளுக்குத் தெரியாது."

"தெரியாட்டில் தெரிஞ்சுகொள்ளட்டும்."

நான் மேசையில் கை வைத்துச் சத்தியம் கேட்டேன். எழுபத்தாறு என்று சொல்வதாகச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டு அவளோடு போனேன். எனக்கு உள்ளே இடமில்லை, நடையில் உட்கார ஒரு வாங்கு இருந்தது. வைகாசி வெக்கைக்குக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்கள். மனுசியின் குரலுக்குக் கதவு பூட்டியிருந்தாலும் ஒன்றுதான்.

உள்ளே மூன்று பேர். முசியே ரோஷா, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, கணினியில் எழுதுகிற ஓர் இளைஞர். கன்ரோன்களைச் சொன்னாள். மலைகளைச் சொன்னாள். போத்தல்களை எங்கே போட வேண்டும் என்று கேட்டபோது, கொம்யூனின் அறிவித்தலில் மணி பிழையாக இருக்கிறது என்று அவர்களுக்கே சொல்லிக்கொடுத்தாள். உள்ளே சிரித்தார்கள். நான் வாங்கில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது அந்த ஆசிரியை கேட்டார்:

"நமது துறைமுக வெளிச்சவீடு எந்த ஆண்டு கட்டப்பட்டது?"

எழுபத்தாறு, எழுபத்தாறு என்று நான் முருகனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று" என்றாள் சந்திரமதி.

"எழுபத்தாறு, மதாம். பரவாயில்லை, ஒரு கேள்விதானே. அடுத்ததற்குப் போவோம்."

கேட்டீர்களா? அடுத்ததற்குப் போவோம் என்றார். ஆண்டவனே இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அந்த வழியால் வெளியே வந்திருக்கலாம்.

"புத்தகம் பிழை" என்றாள் மனுசி. "ஆண்டு அதிலேயே எழுதியிருக்கிறது. விளக்குத் தண்டில், ஏரியைப் பார்த்த பக்கம், கீழ் வளையத்துக்கு மேலே."

முசியே ரோஷாவின் குரல் வந்தது. "மதாம், பதினாறு வயதிலிருந்து நான் அந்த வெளிச்சவீட்டில் ஏறுகிறேன். அங்கே எழுத்து எதுவும் இல்லை."

"இப்போது இருக்கிறது."

கணினியில் எழுதுகிற சத்தம் நின்றுபோனது. நான் வாங்கிலிருந்து எழும்பிவிட்டேன். எழும்பி என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப இருந்தேன்.

"நீங்களா?" என்று கேட்டார் முசியே ரோஷா.

"நான்தான். கழகத்து ஆட்களை ஒருவரும் பேச வேண்டாம், அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. எட்டு வெள்ளிக்கிழமை. பழப்புளியும் உப்பும்."

அவளுடைய பிரெஞ்சுப் புளி அவர்களுக்கு விளங்கவில்லை. இளைஞர் கணினியில் தேடிப் படம் எடுத்துக் காட்டினார். மூவரும் கொஞ்ச நேரம் புளியம்பழத்தைப் பார்த்தார்கள்.

"ஏன் செய்தீர்கள்?" என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார்.

"எங்கள் வீட்டு விளக்கை வெள்ளிக்கிழமை மினுக்காமல் நான் கொளுத்துவதில்லை. இது ஊருடைய விளக்கு. ஊருக்கு இருப்பது ஒரே ஒரு விளக்கு. அது ஊத்தையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு வர முடியவில்லை. அது அழுக்கில்லை, நிறம் என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு அது தெரியாது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என்னில் பிழை."

என்னில் பிழை. இருபத்தெட்டு வருடத்தில் நான் கேட்காத சொல். அதுவும் பிரெஞ்சில் சொல்கிறாள், எனக்குச் சொல்லவில்லை.

"ஆனால் ஆண்டு எழுபத்தொன்று" என்று முடித்தாள்.

முசியே ரோஷா வேறு ஏதோ கேட்டார்.

"மதாம், மேலே ஏறும்போது சப்பாத்தைக் கழற்றுவீர்களா?"

"விளக்குக்குச் சப்பாத்தோடு போகலாமா?"

"சின்னச் சப்பாத்தா? பின்னால் முயல் படம் போட்டதா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

அந்த மனிதர் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்த சிரிப்பில் நடையிலிருந்த பூச்சாடி ஆடியது. விசயம் இதுதான். அவர் மாரி கோடை பார்க்காமல் வெள்ளிக்கிழமைகளில் ஏரியில் நீந்துகிறவர். மாசி மாதம் ஒருநாள் வெளிச்சவீட்டு வாசலில் முயல் போட்ட ஒரு சோடிச் சின்னச் சப்பாத்தைக் கண்டு, யாரோ ஒரு குழந்தை தண்ணீருக்குள் விழுந்துவிட்டது என்று நினைத்து, ஏரிப் பொலிஸுக்குப் போன் அடித்திருக்கிறார். அவர்களும் படகோடு வந்து அரை மணித்தியாலம் தேடியிருக்கிறார்கள். பிறகு போய்ப் பார்த்தால் வாசலில் சப்பாத்து இல்லை. இன்றுவரை அவருக்கு அது விளங்காத கதையாம்.

"அந்தப் பொலிஸ் படகை நான் கண்டேனே!" என்றாள் சந்திரமதி. "யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நானும் மேலே நின்று தேடினேன்."

வெளியே வந்து ரயில் நிலையத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்தோம். பேசினால் கத்திவிடுவேன் என்று பயம். கடைசியில் கேட்டேன்:

"ஏனப்பா? அடுத்ததுக்குப் போவம் எண்டு அவையளே சொல்லிச்சினமே."

"பொய் சொல்லி உள்ள போய், பிறகு அந்தப் பாஸ்போர்ட்டை நான் எப்பிடிக் கையிலை வைச்சிருக்கிறது?" என்றாள். பிறகு, "போச்சுது எண்டு நினைக்கிறியளோ?" என்று கேட்டாள். கேட்கும்போது குரல் சின்னப்பிள்ளையின் குரல். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. இல்லை என்று சொன்னேன். நம்பிச் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று சொன்னேன்.

அடுத்த கிழமை மதாம் பெரே திரும்ப வந்தார். இந்த முறை சந்திரமதியையும் கூட்டிக்கொண்டு ஏறினார். எழுத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். கொம்யூனின் பழைய பதிவேடுகளைத் தூசு தட்டி எடுத்துப் பார்த்தார்கள். எழுபத்தொன்றுதான். எழுபத்தாறு என்று யாரோ ஒருவர் ஒருமுறை பிழையாகப் படியெடுத்ததை ஊர் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. விழா ஐந்து வருடம் பிந்திவிட்டது. 150-இல் கடைசிப் பூச்சியத்தின் மேல் ஒட்டுவதற்கு ஐந்து என்ற எண்ணைக் கட்டுக்கட்டாக அச்சடித்தார்கள். பாதிப் போஸ்டருக்கு ஒட்டியது நான்.

மினுக்கின பித்தளைக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, அப்படியே விடுவோம் என்று மதாம் பெரே சொன்னார். தண்டின் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மிஞ்சியிருந்த பச்சையைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கியதாம். அதற்கு மட்டும் ஒரு சின்னக் கண்ணாடி மூடி போட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் சந்திரமதி அந்த மூடிக்குத் தூசு தட்ட வேண்டும், உலர்ந்த துணியால் மட்டும். சுவிஸ் நாட்டு மரபுரிமையில் உள்ளங்கை அகலத்தைக் காப்பாற்றியது என் மீன்குழம்பு. இதை நான் மதாம் பெரேயிடம் சொல்ல வெளிக்கிட்டபோது மனுசி என் காலை மிதித்தாள்.

முறைப்பாடு கொடுக்கவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. சந்திரமதி பிரிக்க மாட்டேன் என்றாள், யாதவி பிரித்து வாசித்தாள். கொம்யூன் சம்மதம். இனிக் கன்ரோனும் தலைநகர் பேர்னும் பார்க்க வேண்டும், ஆனால் கடினமான வாசல் இதுதான். சந்திரமதி கடிதத்தை வாங்கி, சாமித் தட்டில் குத்துவிளக்கின் கீழே வைத்துவிட்டு, வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். வெங்காயம் உரிக்கத் தேவையான சமையல் ஒன்றும் அன்றைக்கு இருக்கவில்லை.

விழா நாள். நூற்றைம்பத்தைந்து. வெளிச்சவீட்டைப் பார்க்க ஊர் முழுக்க வரிசை, அலைதடுப்புச் சுவர் நீளத்துக்கும். மேலே விளக்கைக் காட்டி விளக்கம் சொல்லச் சந்திரமதியை நிறுத்தியிருந்தார்கள். முயல் சப்பாத்து வாசலில் வழக்கமான இடத்தில் இருந்தது. நாடாவை வெட்டிவிட்டு முசியே ரோஷா முதல் ஆளாக உள்ளே போகக் காலை எடுத்தார். எடுத்த காலை நிறுத்தினார். முயலைப் பார்த்தார். குனிந்து தன் கறுத்தச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்து, முயலுக்குப் பக்கத்தில் நேராக வைத்தார். பின்னால் நின்ற மதாம் பெரேயும் கழற்றினார். பிறகு பாய்ப்படகுக் கழகத்துக் கிழவர்கள், ஒருவரின் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு. பத்து நிமிடத்தில் அந்த வாசலில் ஐம்பது சோடிச் சப்பாத்து.

காவலுக்கு ஆள் வேண்டுமல்லவா? வாய் திறக்காதே என்று புத்தி சொன்ன இந்த உருத்திரமூர்த்திதான் மத்தியானம் வரைக்கும் சுவிஸ்காரரின் சப்பாத்துக்குக் காவல் இருந்தேன்.

வரிசை குறைந்த பிறகு யாதவி வந்து, "நான் நிக்கிறன், நீங்கள் போங்கோ அப்பா" என்றாள். அப்போதுதான் யோசித்தேன். திறப்பு வீட்டுக்கு வந்து அரை வருடம், நான் ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை. முழங்கால் நோவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

கழற்றினேன். இடது மேசில் பெருவிரல் வெளியே தெரிந்தது. கல்படி குளிர்ந்தது. எண்ணிக்கொண்டு ஏறினேன், முப்பத்திநாலு. மேலே நாலைந்து பேருக்கு நடுவில் நின்று அவள் எழுத்தைத் தொட்டுக் காட்டிப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரிய மனிதர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பித்தளையில் ஏரி முழுக்க மினுங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது. நேரில் சொல்ல வராது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

அவள் என்னைக் கண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் என் காலைப் பார்த்தாள். விரலைக் கண்டாள்.

"எத்தினை படி?" என்று கேட்டாள்.

"முப்பத்திநாலு."

"எந்த ஆண்டு கட்டினது?"

"எழுபத்தொண்டு."

"அப்ப திங்கக்கிழமை போய் உங்களுக்கும் ஒரு படிவம் எடுப்பம்" என்றாள்.